ரஹீம் பாய் போட்ட ஆறு ஆணிகள்

1981 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. மெட்ராஸில் வானம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை, என் சட்டை மட்டும் நனைந்திருந்தது. கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் கூடத்துக்கு எதிரே இருந்த தபால் நிலையத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஆம்பூருக்கு டிரங்க் கால் லைன் கிடைத்தது. மூன்று நிமிடம் பேசலாம். எனக்குத் தேவையான தகவல் அந்த மூன்று நிமிடத்துக்குள், இரண்டே சொற்களில், குறையில்லாமல் என் காதுக்கு வந்து சேர்ந்தது. அதை எப்படி இவ்வளவு கவனமாகத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று முப்பது வருடமாகப் பலர் கேட்டுவிட்டார்கள். உங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

உலோகத்தில் விரிசல் தேடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நீங்கள் திரையில் ஒரு ஷாஃப்டை வரைந்து, அதில் ஒரு விரிசலை வரைந்து, பொத்தானைத் தட்டினால் காந்தப்புலம் சிவப்பும் நீலமுமாக வந்து நிற்கிறது. எங்களுக்கு நிறமெல்லாம் கிடையாது. தத்துவம் அதேதான். எஃகைக் காந்தமாக்கினால் காந்தக் கோடுகள் எஃகுக்குள்ளேயே ஓடும். வழியில் விரிசல் வந்தால் கொஞ்சம் வெளியே கசிந்து, அதைத் தாண்டி மறுபடி உள்ளே போகும். அந்தக் கசிவை ஒரு சின்ன உணர்கருவியால் அளந்துவிடலாம். ஆனால் இவ்வளவு கசிந்தால் விரிசல் எவ்வளவு ஆழம் என்று கருவி சொல்லாது. அதற்குத்தான் கம்ப்யூட்டர். ஷாஃப்டின் வெட்டுத்தோற்றத்தை கிராஃப் தாளில் வரைந்து, முக்கோணங்களாகக் கூறுபோட்டு, இது எஃகு, இது காற்று, இது தோல் என்று ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அட்டையில் துளையிட்டுக் கொடுப்போம். விரிசலின் ஆழத்தை மாற்றி மாற்றி ஓட்டுவோம். எந்த ஆழத்தில் கணக்கும் அளவும் ஒத்துப்போகிறதோ, அதுதான் விரிசலின் ஆழம். என் பெட்டியில் எண்ணூற்றுப் பதினேழு அட்டைகள். ரயில் ஏறுமுன் ஒரு தடவையும் இறங்கியபின் ஒரு தடவையும் எண்ணுவேன். வீட்டில் என் சாப்பாட்டுத் தட்டை விட அந்தப் பெட்டியைத்தான் நான் அதிகம் பார்த்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

முக்கோணத்தில் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். உணர்கருவியை ஷாஃப்டின் மேல் நேராக இழுத்தால் தேய்ந்துபோகும். நடுவில் ஒரு பட்டை வேண்டும். அது காந்தத்துக்கு ஒட்டாத பொருளாக, ஒரே தடிமனாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கேட்டு எழுதிப் போட்டால் நான்கு மாதம் ஆகும். எங்கள் ஆய்வகம் இருந்ததோ ராணிப்பேட்டையில். அங்கே எதற்குப் பஞ்சம் வந்தாலும் தோலுக்கு வராது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அடித்தோல் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ரஹீம் பாய் எனக்குப் பழக்கம். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பட்டை வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பினேன். பட்டை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பக்கங்களைச் சுற்றி மெல்லிய தோலை அழகாக ஒட்டி மூடியிருந்தார். எழுதிக் கொடுத்ததைத்தானே செய்திருப்பார் என்று நான் அதை அளக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் குண்டூசியைக்கூட எண்ணி வைக்கிறவன் நான். அந்த வாரம் அளக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

வேலை, ஊர் எல்லையில் இருந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில். அங்கே தோல் பதப்படுத்துவது மர டிரம்மில். பெரிய பீப்பாயைப் படுக்கவைத்தது போல இருக்கும். ஆள் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுச் சுழற்றுவார்கள். அத்தனை எடையையும் இரண்டு முனைகளிலும் இருக்கும் எஃகு ஷாஃப்ட்தான் தாங்குகிறது. ஓடி முடிந்ததும் கதவைத் திறந்து, ஆட்கள் அதன் கீழேயே நின்று தோலை இழுத்துப் போடுவார்கள். மூன்றாம் நம்பர் டிரம்மின் ஷாஃப்டில், பருமன் குறையும் இடத்தில், காந்தத்தூள் தூவிப் பார்த்தபோது ஒரு கோடு தெரிந்தது. சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. லேத்தில் கடைந்தபோது விழுந்த கீறலாகவும் இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். மீயொலிக் கருவியை ஏன் வைத்துப் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். எங்களிடம் இருந்த ஒன்று ரிப்பேருக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

டிரம் மேஸ்திரி கோவிந்தன், கறுப்பாக, கட்டையாக, எப்போதும் அவசரத்தில் இருப்பவர், நான் கசிவை அளந்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

"இன்னா சார், கீறலா, வெடிப்பா?"

"கணக்குப் போட்டாத்தான் தெரியும்."

"எங்க கணக்கு?"

"மெட்ராஸ்ல. கம்ப்யூட்டர்ல."

"ஷாஃப்டு இங்க கீது, கணக்கு அங்க கீது. புதங்கிழம நாலு மணிக்கு லோடு சார். சுண்ணாம்புலேந்து எடுத்த தோலு காத்துனு இருக்காது, நாறிடும். இதுக்குக் கீழ நிக்கிறது நானும் என் மச்சானும். ஒரு வார்த்த கரெக்டா சொல்லிடுங்க, போதும்."

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுவார்கள். வெள்ளை ஜிப்பா, சிரித்த முகம், சிரிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு. "நிறுத்தச் சொன்னா நிறுத்துறேன் சார். ஆனா ஜாஸ்தி யோசிச்சுச் சொல்லுங்க. எரநூத்து நாப்பது எருமத் தோலு. மத்த டிரம்மெல்லாம் ஃபுல்லு. போன வருஷம் மாதிரி பண்ணிடாதீங்க."

அந்தப் போன வருடம்தான் என் தொல்லை. வேறொரு தொழிற்சாலையில் தோலை அழுத்தும் பிரஸ் ஒன்றை நிறுத்தச் சொல்லி, பிரித்துப் பார்த்தால் வெறும் லேத் கீறல். பதினொரு நாள் பிரஸ் நின்றது. அன்றிலிருந்து வாலாஜாவிலிருந்து வாணியம்பாடி வரை எனக்கு "ஸ்டாப் சார்" என்று பெயர். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சில் யாராவது, "ஏ, பாய்லர நிறுத்துடா, சார் வந்துட்டாரு" என்பார்கள். மறுபடியும் ஒரு நல்ல ஷாஃப்டை நிறுத்திவிடக்கூடாது என்ற பயம், கெட்ட ஷாஃப்டை ஓடவிடக்கூடாது என்ற பயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை மெட்ராஸில் கணக்கை ஓட்டினேன். ராத்திரி தாள் கைக்கு வந்தது. அளந்த கசிவு வர வேண்டுமென்றால் விரிசல் பதினொரு மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும்.

பதினொரு மில்லிமீட்டர் என்றால் பேச்சே இல்லை, டிரம்மை நிறுத்த வேண்டும். லாட்ஜில் படுத்துக்கொண்டு, அந்தக் கசிவு வேறு எதனாலாவது வந்திருக்க முடியுமா என்று யோசித்தேன். பாருங்கள், விரிசல் இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. விரிசல் இல்லாமலே அது வருவதற்கு வழி உண்டா என்று யோசித்தேன். காலையில் தோன்றியது: பட்டை! அதற்குள் ஏதாவது இருந்தால்? ஷூக்காரர்கள் கை, பழக்கத்தில் எதையாவது சேர்த்துவிட்டிருந்தால்? அதற்காகத்தான் அந்த டிரங்க் கால்.

"ரஹீம் பாய்! அந்தப் பட்டைய எப்படிச் செஞ்சீங்க? உள்ள இன்னா வச்சிருக்கீங்க?"

லைனில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம்.

"சார், சலாம். நல்லாக்கீறீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். பட்டை! பட்டைக்குள்ள இன்னா?"

"ஆறு அயன் போட்ருக்கேன் சார்."

"இன்னாது?"

"ஆறு அயன். ஆறு அயன். நீங்க எழுதனது தாங்காது சார், ரெண்டு இழுப்புல கிழிஞ்சிடும். அதான் நானே ஆறு அயன் போட்டுட்டேன். ஸ்ட்ராங்கா இருக்கும்."

"அயனா? என்னை ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

"கேட்டா வேணாம்பீங்க."

"ஆறும் எந்தெந்த எடத்துல இருக்கு?"

"எல்லா எடமும் ஒண்ணுபோலத்தான் சார். ஏத்தம் எறக்கம் இல்லாம. கைவச்சுப் பாருங்க, தெரியும்."

லைன் அறுந்தது. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அயன் என்றால் இரும்பு. ஷூவில் போடும் இரும்பு என்ன? ஆணி. மனுஷன், பட்டை கிழியாமல் இருக்க அடித்தோலுக்குள் ஆறு இரும்பு ஆணிகளை அடித்து, பக்கத்தை ஒட்டி மறைத்துவிட்டார். காந்தத்தை அளக்கும் கருவிக்கு அடியில் ஆறு ஆணி! ரஹீம் பாயின் மேல் கோபம்கூட வரவில்லை. தபால் நிலையத்துக்கு வெளியே வந்து, பக்கத்து ஹோட்டலில் இரண்டு வடை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் உட்கார்ந்து புது முக்கோணங்கள் வரைந்தேன். ஆறு ஆணிக்கும் இடம் ஒதுக்கி, ரஹீம் பாய் சொன்னபடி ஒரே இடைவெளியில் வைத்து ஓட்டினேன். ஒத்துவரவில்லை. சரி, ஒண்ணுபோல என்றுதான் சொன்னார், கை கொஞ்சம் தவறாதா? இரண்டு ஆணிகளை நெருக்கமாக்கினேன். கொஞ்சம் ஒத்துவந்தது. ஒரு ஆணியைச் சாய்த்தேன். இன்னும் ஒத்துவந்தது. இப்படி ஏழு ஓட்டம். ஏழாவதில் கணக்கும் அளவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. அத்தனை அழகான பொருத்தத்தை என் பணிக்காலத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அதன்படி ஷாஃப்டில் இருந்தது அரை மில்லிமீட்டர் கீறல். மிச்சமெல்லாம் ஆணி.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களில் கூர்மையான ஒருவர் ஏற்கெனவே கையைத் தூக்கியிருப்பார். பட்டையில் ஆணி இருந்தால் ஷாஃப்டின் நல்ல பகுதியிலும் கசிவு காட்டியிருக்க வேண்டுமே? ஆமாம். நல்ல பகுதியிலும் அளந்திருந்தேன். அங்கே எதுவும் காட்டவில்லை. அந்த அளவு என் பைக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்தேன் கூட. பார்த்துவிட்டு, பருமன் குறையும் இடத்தில் புலம் குவிவதால் ஆணிகளின் பாதிப்பு அங்கே மட்டும் அதிகம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்தது. ஆறு ஆணிகளை இஷ்டத்துக்கு நகர்த்த அனுமதி கொடுத்தால், யாருடைய முகத்தின் படத்தையும் அந்தக் கணக்கில் வரவைக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய புத்தி அப்போது வடையோடு கீழே இறங்கிவிட்டிருந்தது.

புதன்கிழமை ரயிலில் அட்டைகளை எண்ணினேன். புது அட்டைகள் சேர்ந்து எண்ணூற்று எழுபத்து மூன்று. அறிக்கையை நான்கு தடவை படித்தேன். மூன்று மணிக்குத் தொழிற்சாலை வாசலில் கோவிந்தன் நின்றிருந்தார்.

"இன்னா சார், கீறலா, வெடிப்பா?"

"கீறல்."

"அப்ப ஏத்தலாமா?"

"தாராளமா."

அவர் அங்கிருந்தே உள்ளே பார்த்துக் கத்தினார். "டேய், ஸ்டாப் சாரு ஸ்டார்ட் சொல்லிட்டாருடா! ஏத்துங்க!"

பெருமையாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஹாஜியார் டிரம்முக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆட்கள் ஈரத் தோலை ஒவ்வொன்றாக மூன்றாம் நம்பருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு டீ வந்தது. எழுந்து நின்றுகொண்டே அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தேன். ஷாஃப்ட் நல்லது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு அதுவே போதும். ஆனால் நான் கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டாமா?

"இதுல பேஜார் பண்ணது ஷாஃப்ட் இல்ல ஹாஜியார். பட்டைதான். உள்ள ஆறு ஆணி."

"ஆணியா? எவன் போட்டான்?"

"ஆம்பூர் ரஹீம் பாய்தான். நான் நேத்து டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். அவரே ஒத்துக்கிட்டாரு, ஆறு அயன் போட்ருக்கேன்னு."

ஹாஜியாரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"இன்னா சொன்னான்?"

"ஆறு அயன் போட்ருக்கேன்னு."

அவர் கிளாஸைத் தரையில் வைத்தார். தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு நாற்காலியே குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கோவிந்தா! இங்க வா! இங்க வாடா! சாரு... ஆறு அயன்னா... ஆணியாம்!"

கோவிந்தனும் ஓடிவந்து கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ சிரிக்கிறார்களே என்று நானும் கொஞ்சம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"சார், சார்," என்றார் ஹாஜியார், ஜிப்பா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அயன்னா இரும்பு இல்ல சார். அளவு! அடித்தோலோட தடிமன அயன்லதான் சொல்றது. வெள்ளக்காரன் காலத்துலேந்து. நாப்பத்தெட்டு அயன் ஒரு இன்ச். ஆறு அயன்னா இத்தினி தடிமன். எட்டு அயன், பத்து அயன்னு நான் தெனம் விக்கிறேன். நீங்க அதுக்கு ஆணி அடிச்சி, மெட்ராஸ் போயி, கம்ப்யூட்டர்ல..." மறுபடியும் சிரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு முன்னால் அவருக்குத்தான் புரிந்தது. சிரிப்பு நடுவில் அறுந்தது. முகம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றது.

"அப்ப ஆணி இல்ல," என்றார்.

நான் அறிக்கையைப் புரட்டினேன்.

"ஆணி இல்லன்னா, உங்க மெஷின் காட்டனது இன்னா சார்?"

அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். என் அறிக்கை அவருக்குச் சாதகமான அறிக்கை. கையெழுத்தும் முத்திரையும் இருந்தது. டிரம் ஓடியிருக்கும், ஏதாவது ஆகியிருந்தால் பழி என் தலையில் விழுந்திருக்கும். ஆனால் ஒரு தோல் வியாபாரியால் அந்தச் சிரிப்பை அடக்கியிருக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் என் அறிக்கையின் தவறு வெளியே வந்தது. என் படிப்பாலும் இல்லை, அவருடைய பெருந்தன்மையாலும் இல்லை.

நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். "இருந்தாலும், ஆறு அயன் தோல்ல அவரு ஆணியும் போட்டிருக்கலாம் இல்ல?" என்றேன். கோவிந்தன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினார். பட்டையை நடுவில் அறுத்தேன். ஆணி இல்லை. நான்காக அறுத்தேன். எட்டாக அறுத்தேன். கடைசியில் கடலை மிட்டாய் அளவுக்குத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் காந்தத்தில் காட்டினேன். ஒரு துண்டும் ஒட்டவில்லை. எதிரே மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது ஆள் கோவிந்தனின் மச்சான். பிறகு ஒரு துண்டை நிறுத்தி ஸ்கேலால் அளந்தேன். மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

நான் கணக்கில் கொடுத்திருந்தது இரண்டு. கருவி நான் நினைத்ததை விடத் தள்ளி இருந்திருக்கிறது. தள்ளி இருந்தும் அவ்வளவு கசிவு தெரிந்ததென்றால் விரிசல் பதினொன்றை விட ஆழம். ரஹீம் பாய் டெலிபோனில் சொன்னது எனக்கு வேண்டியிருந்த அதே எண். நான் அதை ஆணியாக்கினேன்.

"இப்ப இன்னா சார்?" என்றார் ஹாஜியார். "ஓட்டலாமா, வேணாமா?"

பின்னால் தோல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுபது எண்பது தோலாவது உள்ளே போயிருக்கும். என் வாயில் முதலில் வந்த வாக்கியத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உங்கள் வாயிலும் வரும்.

"இன்னொரு தடவ மெட்ராஸ் போயி, சரியான தடிமனோட கணக்க ஓட்டிட்டு..."

"நீங்க போய்ட்டு வர்ற வரைக்கும் இந்தத் தோலு இன்னா பண்ணும் சார்?" என்றார் கோவிந்தன். "சினிமா பாக்குமா?"

சரியான விடை என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. பதினான்கா, இருபதா? ஆனால் அந்த இடத்தில் யாரும் சரியான விடையைக் கேட்கவில்லை. ஓட்டலாமா, வேண்டாமா என்று கேட்டார்கள். அதற்கு எண் வேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், அது எனக்குத் திங்கட்கிழமை ராத்திரியே தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்குவதற்குத்தான் ஒரு நாள் முழுக்க உழைத்திருக்கிறேன்.

"நிறுத்துங்க," என்றேன். "ஏத்தின தோல எறக்கிடுங்க. டிரம்ம ஒரு சுத்துகூடச் சுத்தாதீங்க."

கோவிந்தன் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு திரும்பி, அதே குரலில், "டேய், எறக்குங்கடா! பழைய சாரே வந்துட்டாரு!" என்று கத்தினார்.

ஹாஜியார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய், பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒவ்வொன்றாக ஆள் அனுப்பினார். ஒருவர் பாதி டிரம் கொடுத்தார், இன்னொருவர் மறுநாள் காலையில் தருகிறேன் என்றார். வண்டிகளில் ஈரத் தோல் போய்க்கொண்டே இருந்தது. நானும் இறக்கக் கைகொடுத்தேன். இரண்டு தோல் தூக்குவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது, ஓரமாக உட்கார்த்திவைத்தார்கள். கடைசியில் அறுபத்து மூன்று தோல் கெட்டுப்போனது. அவை நான் வாசலில் "தாராளமா" என்று சொல்லாமல் இருந்திருந்தால் மூன்று மணிக்கே வேறு டிரம்முக்குப் போயிருக்கும், பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

அடுத்த வாரம் ஷாஃப்டைக் கழற்றினார்கள். லேத்தில் வைத்து அறுத்து, விரிசல் வழியே உடைத்துப் பார்த்தோம். பத்தொன்பது மில்லிமீட்டர். உள்ளே பழைய விரிசல் துருப்பிடித்துக் கறுத்திருந்தது. ஓரத்தில் புதிதாக வளர்ந்த பகுதி பளபளவென்று இருந்தது. அந்தப் புதன்கிழமையே முறிந்திருக்குமா? தெரியாது. ஒருவேளை இன்னும் ஐம்பது லோடு ஓடியிருக்கும். ஒருவேளை அன்று சாயங்காலம் கதவைத் திறக்கும்போது முறிந்திருக்கும். முறிந்திருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அந்த நாட்களில் என்னைப் பாராட்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

கோவிந்தன் வந்து உடைந்த முகத்தைக் குனிந்து பார்த்தார். கறுத்த பகுதியில் கட்டைவிரலை வைத்தார். அது அவருடைய நகம் முழுவதையும் தாண்டி நீண்டது.

"இதுக்குக் கீழயா சார் நின்னுட்டிருந்தோம்?"

"ஆமா."

விரலில் ஒட்டிய துருவைத் துடைத்தார். "நல்ல வேள, நீங்க ஆறு ஆணி போட்டுத் தாங்கிப் பிடிச்சீங்க," என்றார்.

ரஹீம் பாய் வேறு பட்டை செய்து எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். விஷயம் அவருக்கு முன்னாலேயே ஆம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. "இந்தத் தபா எத்தினி ஆணி வைக்கட்டும் சார்?" என்று வாசலிலேயே கேட்டார். ஸ்டாப் சார் என்ற பெயர் அதோடு போய்விட்டது. ஆறாணி சார் என்ற பெயர் நான் ஓய்வுபெறும் வரை இருந்தது. பிரிவுபசார விழாவில் போட்ட மாலையில் பூவுக்கு நடுவே ஆறு ஷூ ஆணிகளைக் கோத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறுதான்.

நீங்கள் மாதிரிக் கணக்கு போடும்போது இந்தக் கிழவனை நினைக்க வேண்டாம், அந்த ஏழாவது ஓட்டத்தை நினையுங்கள். கணக்கு அளவோடு ஒத்துவந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அதை ஒத்துவரவைக்க எதையெல்லாம் நகர்த்தினோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நகர்த்தியவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்த்தோமா, கையால் தொட்டோமா என்று பக்கத்தில் எழுதுங்கள். என் தாளில் ஆறு ஆணி இருந்திருக்கும். பக்கத்தில் ஒன்றும் இருந்திருக்காது. ஒரு தொழிலுக்குள் போனால் அந்தத் தொழிலின் சொல்லை, வெட்கப்படாமல், இரண்டாவது தடவையும் கேளுங்கள். "அயன்னா இன்னா பாய்?" என்று கேட்க எனக்குப் பத்து வினாடி மிச்சம் இருந்தது.

ஹாஜியார் தோலுக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. "தோலு என் வியாபாரம், அதுல வர்றதும் போறதும் என்னோடது. சிரிச்சதுக்கு நான் குடுத்த வெல," என்றார். பாக்கி இருந்தது எங்கள் ஆய்வகத்தின் கணக்கு. எங்கள் தலைவர் அதிகம் பேசமாட்டார். நான் கொடுத்த செலவுச் சீட்டை வாங்கி, சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே, திங்கட்கிழமை ஓட்டம்.

"இது விரிசலுக்கு ஓட்டின கணக்கு. இத ஆபீஸ் கொடுக்கும்," என்றார். "கீழ இருக்கிறது ஆணிக்கு ஓட்டின கணக்கு. ஆபீஸுக்கு ஆணி தேவைப்படலையே."

"டிரங்க் கால் பட்டைக்காகத்தானே சார் போட்டேன்? அதாவது..."

"சரியாக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

ஏழு ஓட்டத்துக்குக் கம்ப்யூட்டர் நேரம் இருநூற்று அறுபத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு. புது அட்டைகள் பதினான்கு ரூபாய் அறுபது காசு. லாட்ஜில் கூடுதலாக ஒரு நாள் பதினாறு ரூபாய். டிரங்க் கால் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது காசு. ஆணி ஒன்றுக்கு ஐம்பத்திரண்டு ரூபாய் பத்து காசு.